பதினெட்டு கிலோ வெள்ளை

மாரியம்மன் துணை

குன்னூர்
5.11.2000

தம்பி கீர்த்திவாசனுக்கு அக்கா சாந்தாமணி ஆசியுடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் மச்சானின் முழங்கால் வலி மட்டும் குளிரோடு வந்து குளிரோடு போகிறது. மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு. ரொட்டியையே தின்றுகொண்டிருக்காதே.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து ஃபாக்டரி மூடிய கதை உனக்குத் தெரியும். அதே கட்டடத்தில் முதலாளி சீஸ் போட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. தேயிலையை நம்ப முடியாமல் மாடு வாங்கிய படகர் வீடுகளிலிருந்து பால் வருகிறது. இருபத்தாறு வருடம் டீமேக்கராக இருந்த உன் மச்சான் இப்போது பாலைத் திரித்துக்கொண்டிருக்கிறார். எழுத்து வேலை அவருக்கு ஆகாது. பால், உப்பு, விறகு எல்லாவற்றையும் நாள் தவறாமல் நோட்டில் பதிவது நான்தான்.

பாலைத் திரித்துக் கட்டியை எடுத்த பிறகு பச்சை நிறத்தில் தண்ணீர் மிஞ்சுகிறது. உப்பு ஊறிய தண்ணீரும் அதோடு சேர்கிறது. இதை முன்பு ஓடையில் விட்டார்கள். கீழே தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கிற முப்பது குடும்பமும் அந்த ஓடைத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இனி ஒரு சொட்டு விழுந்தாலும் சீல் வைப்பேன் என்று எழுதிக் கொடுத்துப் போனார். அதனால் தேயிலை உலர்த்திய பழைய டிரையர் அடுப்பின் மேல் பெரிய இரும்புக் கொப்பரை ஏற்றி, தண்ணீரைக் காய்ச்சியே வற்ற வைக்கிறோம். பார்த்துக்கொள்வது முத்துவேல். சிலோனிலிருந்து வந்த குடும்பம், முன்பு இதே அடுப்பில் டிரையருக்கு நெருப்புப் போட்டவர். வேலை இருந்தால்தான் லயத்து வீடு என்பதால் கொப்பரையைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்.

அப்படியும் கொப்பரையின் அடியில் ஒரே வாரத்தில் விரல் நகம் கனத்துக்கு வெள்ளை பிடிக்கிறது. அவிநாசியில் நம் அம்மா வெந்நீர் போடும் அண்டாவில் பிடிக்குமே, அதே வெள்ளை. இங்கே பதினெட்டு வருடம் வெந்நீர் வைத்த என் பாத்திரத்தில் பொட்டு வெள்ளை இல்லை, மலைத் தண்ணீர் அப்படி. அதனால் இங்கே யாருக்கும் இது என்னவென்று தெரியவில்லை. நீ கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிநீர் எடுக்கிற இடத்தில் இருக்கிறாய். உனக்குத் தெரிந்திருக்கும்.

காய்ச்சும் முன் இந்தத் தண்ணீரைத் தேக்கும் தொட்டி ஓடையோரத்து அம்மன் மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புளித்த நாற்றம் தாங்கவில்லை. அதற்கு மட்டும் நானே ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். மற்றவை உன் பதில் கண்டு.

அக்கா

*

மஸ்கட்
22.11.2000

அக்காவுக்கும் மச்சானுக்கும் கீர்த்திவாசன் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். சோறுதான் வடிக்கிறேன், ரசம்தான் இன்னும் வரவில்லை.

நீ கேட்ட வெள்ளையோடுதான் பதினொரு வருடமாக எனக்குச் சண்டை. பாலில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் இருக்கின்றன. கட்டியை எடுத்த பிறகும் ஒரு பங்கு தண்ணீரில் தங்கும். தண்ணீர் புளிப்பாக இருக்கும்வரை கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். சர்க்கரையைச் சூடாக்கினால் இன்னும் நன்றாகக் கரையும் இல்லையா? இது நேர் எதிர். சூடு பட்டதும் தண்ணீரை விட்டு வெளியே வந்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கொப்பரையின் அடியைப் பிடிக்கிறது. ஒட்டியபின் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது. விறகு இரட்டிப்பாகும். தகடு தானே காய்ந்து ஒரு நாள் பிளந்துவிடும். அதனால் இதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள்.

ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. சாப்பாட்டு உப்பு கலந்த தண்ணீரில் இந்தச் சத்துகள் சற்றுக் கூடுதலாகவே கரைந்து நிற்க வேண்டும். ஒரு வாரத்தில் நகக் கனம் என்பது அதிகம். பதினைந்து நாளைக்கு உள்ளே போவது, வெளியே வருவது எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. சுரண்டிய வெள்ளையைத் தராசில் நிறுத்துப் பார். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, எவ்வளவு புளிப்பு என்றும் சொல்.

ஊருக்கு வந்த ஆளிடம் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினேன். கிடைத்ததா?

கீர்த்தி

*

மாரியம்மன் துணை

குன்னூர்
14.12.2000

தம்பிக்கு ஆசி. நலம், நலமே வேண்டுவது. பனி விழ ஆரம்பித்துவிட்டது. காலையில் தேயிலைச் செடி எல்லாம் வெந்ததுபோல் நிற்கிறது. விலை இல்லாத இலையைப் பறிக்க ஆளும் இல்லை.

நீ கேட்ட கணக்கு இது. பதினைந்து நாளில் பால் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர். உப்பு தொண்ணூறு கிலோ. திரிக்கும் மருந்து ஒரு புட்டி. கொப்பரைக்கு ஏறிய தண்ணீர் நாலாயிரத்து இருநூறு லிட்டர். விறகுக்குக் கற்பூர மரக் கட்டை பதினோரு வண்டி, முன்பு ஏழு வண்டி போதும். வற்றியபின் அள்ளிய பழுப்பு உப்புச் சேறு தனி. முத்துவேல் உளியால் பெயர்த்த வெள்ளை பதினெட்டு கிலோ. ஒரு வரி விடாமல் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

உன் மச்சானைத்தான் முதலில் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "தேத்தூள் ருசி பாத்த நாக்கு இது, மாட்டுத் தொட்டித் தண்ணியெல்லாம் அதுல வெக்க முடியாது" என்று நகர்ந்துவிட்டார். நானே பார்த்தேன். மோர்போல் புளிக்கும் என்று நினைத்தேன். புளிப்பே இல்லை. சப்பென்று உப்புக் கரிக்கிறது.

முத்துவேலின் கையைப் பார்க்க முடியவில்லை. உளி பிடித்து உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அவர் மனைவி வீரம்மா வந்து, "அடுப்புக்காரன்னு கட்டிக் கொடுத்தாங்க, இப்ப கல்லு உடைக்கிறவனாப் போயிட்டாரு" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பேரீச்சம்பழம் வந்தது. முதல் கை அம்மனுக்கு வைத்தேன். சாமிக்குக் கொடுத்ததை எழுதக்கூடாது என்று அம்மா சொல்வாளே, எழுதினால் கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது போல ஆகுமென்று. அதனால் அது என் நோட்டில் இல்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அக்கா

*

மஸ்கட்
28.12.2000

அக்காவுக்குக் கும்பிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைதான் அதிகம்.

உன் கணக்கை மூன்று முறை பார்த்தேன். அத்தனை லிட்டரில் பாலின் சத்து முழுவதும் வெளியே வந்து ஒட்டினாலும் ஐந்தாறு கிலோவைத் தாண்டாது. நீ பதினெட்டு என்கிறாய். மீதிப் பன்னிரண்டு கிலோ பாலிலிருந்து வரவில்லை. உப்பிலிருந்தும் வராது, மலைத் தண்ணீரிலிருந்தும் வராது. உன் நோட்டில் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

தண்ணீர் புளிக்கவில்லை என்றாயே, அதுதான் என்னை உலுக்கியது. அந்தப் புளிப்புதான் அத்தனையையும் கரைத்து வைத்திருந்த காவல். நாங்கள் இங்கே கடல் தண்ணீர் கொதிகலனுக்குப் போகும் முன் வேலை மெனக்கெட்டு அமிலம் ஊற்றுகிறோம், வெள்ளை பிடிக்கக்கூடாது என்று. அங்கே யாரோ இருந்த புளிப்பையே முறித்துவிட்டிருக்கிறார்கள். விறகுச் சாம்பலும் புளிப்பை முறிக்கும். நாற்றத்துக்காக முத்துவேல் தொட்டியில் சாம்பல் கொட்டுகிறாரா என்று கேட்டுப் பார்.

ஒரு சோதனை சொல்கிறேன். வெள்ளையில் ஒரு துண்டைப் பொடித்து, சூடாக்கிய எலுமிச்சைச் சாற்றில் போடு. பாலின் வெள்ளை சத்தமில்லாமல் கரையும். சுண்ணாம்புக்கல் சேர்ந்திருந்தால் சோடாப்போல் நுரைக்கும். உடனே எழுது.

கீர்த்தி

*

மாரியம்மன் துணை

குன்னூர்
18.1.2001

தம்பிக்கு ஆசி. பொங்கல் நல்லபடியாகப் போயிற்று என்று எழுதத்தான் ஆசை.

போகியன்று கொப்பரை பிளந்துவிட்டது. கொதித்த தண்ணீர் நெருப்பில் இறங்கி, மிச்சம் வாய்க்கால் வழியாக ஓடைக்குப் போயிற்று. லயத்தில் மூன்று நாள் தண்ணீர் கரித்தது. பொங்கல் பானையில் வைத்த பச்சரிசியே உப்பாக இருந்ததாம். கரையோரம் நாற்பது தேயிலைச் செடி கருகிவிட்டது. அதிகாரிக்குத் தெரியாமல் இருக்க முதலாளி இன்னும் சாமியை வேண்டிக்கொண்டிருக்கிறார்.

பதினாறாம் தேதி முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு யார் தப்பு என்று கேட்டார். உன் மச்சானுக்கு உன் கடிதத்தில் சாம்பல் என்று இருந்தது நினைவுக்கு வந்தது, சொன்னார். முத்துவேல் தான் எதுவும் போடவில்லை என்றார். அடுப்புப் பக்கம் வேறு யாரும் போவதில்லை என்பதால் அது எடுபடவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டைப் பங்குனிக்குள் காலி செய்ய வேண்டும். அவர் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை பங்குனியில்தான்.

எட்டாயிரம் ரூபாய்க்குப் புதுக் கொப்பரை வந்திருக்கிறது. வேறு ஆள் பார்க்கிறான். இந்த இரண்டு நாளில் அதில் வெள்ளையே தெரியவில்லை. அதனால் எல்லாரும் முத்துவேல்தான் என்று உறுதியாகச் சொல்கிறார்கள்.

நீ சொன்ன எலுமிச்சைச் சோதனை செய்ய வாய்க்கவில்லை. பழம் கிடைக்கவில்லை. பனியில் போர்த்திக்கொண்டு படு.

அக்கா

*

மஸ்கட்
2.2.2001

அக்காவுக்குக் கும்பிடு. உன் கடிதம் படித்ததிலிருந்து மனது சரியில்லை.

நான் கேள்விதான் கேட்டேன், தீர்ப்புச் சொல்லவில்லை. எட்டாயிரம் ரூபாய்க் கொப்பரைக்காக ஒருவரின் வீடு போகிறது, அதுவும் என் எழுத்தைக் காட்டி. மச்சானிடம் சொல், சாம்பல் கலந்திருந்தால் படிவு கறுத்திருக்கும், இல்லை மங்கியிருக்கும். நீ ஒவ்வொரு கடிதத்திலும் வெள்ளை என்றே எழுதியிருக்கிறாய். அவிநாசி அண்டாவைப் போல வெள்ளை என்று.

குன்னூர் மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் கிடைக்காத நாளை நான் பார்த்ததில்லை அக்கா.

கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் நோட்டில் எதெல்லாம் ஏறாது என்று இந்த உலகத்தில் உனக்கும் எனக்கும்தான் தெரியும். அதை நினைத்துப் பார்த்து எழுது.

கீர்த்தி

*

மஸ்கட்
26.2.2001

அக்காவுக்கு. உன் கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? மச்சான் சுகமா? வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு வரி போடு.

கீர்த்தி

*

மாரியம்மன் துணை

குன்னூர்
20.3.2001

தம்பிக்கு. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுதாமல் இருந்ததற்கு உடம்பைச் சொல்ல மாட்டேன்.

உன் டிசம்பர் கடிதம் ஜனவரி எட்டாம் தேதி வந்தது. வழக்கம்போல் உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் அவர் கிளம்பிப் போனதும் எலுமிச்சம்பழம் பிழிந்து சூடாக்கி, வெள்ளைத் துண்டை இடித்துப் போட்டேன். கிண்ணம் வழிய நுரைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்து மண் மிஞ்சிப் புளித்தால் டாலமைட் தூள் தூவுவார்கள். இந்த மலையில் எல்லாரும் அறிந்தது. ஃபாக்டரிக் கிடங்கில் தூவ ஆளில்லாமல் ஒன்பது மூட்டை கிடந்தது. மண்ணின் புளிப்பை எடுப்பது தண்ணீரின் புளிப்பையும் எடுக்குமே, அம்மன் மூக்குக்கு நாற்றம் போகாதே என்று, ஐப்பசி முதல் தேதியிலிருந்து தினமும் விளக்குப் போடும்போது தொட்டியில் ஒரு படி கொட்டினேன். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் கொட்டுவேன். நாற்றம் குறைந்தது, அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். அது சாமிக்குச் செய்தது. அதனால் நோட்டில் இல்லை. உன்னிடம் ஒரு வரி விடவில்லை என்று எழுதினேன் பார், அப்போது அது பொய்யென்று எனக்கே தெரியாது.

ஒன்பதாம் தேதியே நிறுத்திவிட்டேன். புதுக் கொப்பரையில் வெள்ளை பிடிக்காதது அதனால்தான். பழையதில் பிடித்தது பிடித்ததுதானே. பதினாறாம் தேதி முதலாளி கேட்டபோது முத்துவேல் ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மச்சானுக்கு அவமானம் ஆகுமே என்ற பயம் பாதி. சாமிக்கென்று செய்தது இப்படிப் போகும் என்று ஒப்புக்கொள்ள மனம் வராதது மீதி. இரண்டில் எது பெரியது என்று பார்த்தேன், தெரியவில்லை.

மாசிக் கடைசியில் முத்துவேல் திருப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டார். இந்த மாதம் பதிமூன்றாம் தேதி வீரம்மா ஒரு கார்டு கொண்டுவந்து, அவருக்கு எழுதித் தரச் சொன்னாள். மகள் பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கிறாளாம், அம்மா, உங்களுக்குத்தான் எழுத்து நல்லாயிருக்கும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். "சாம்பல் நீங்க போட்டீங்களா இல்லையான்னு நான் கேக்கல. போட்டிருந்தா தொரை கால்ல விழுந்திருங்க. புள்ள பரீட்சை முடியிற வரைக்கும் வீடு இருந்தா போதும்." பெண்டாட்டியே அவரைச் சந்தேகப்படும் அந்த வரியை எழுதியது என் கை. கார்டை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

பதினான்காம் தேதி காலை நோட்டை எடுத்துக்கொண்டு போய், முதலாளி, உன் மச்சான், வேலையாட்கள் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். முதலாளி முதலில் சிரித்தார். "அப்ப சாமியையா வேலைய விட்டு நிறுத்தறதுங்க?" என்றார். எவரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். உன் கடிதத்தையும், கிண்ணத்தில் மீண்டும் செய்து காட்டிய நுரையையும் பார்த்தபின், அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னார், வீட்டைப் பற்றி இனிப் பேச்சில்லை என்றார். கொப்பரைக்கான பணத்தை உன் மச்சான் சம்பளத்தில் பிடிப்பாராம். பிடிக்கட்டும்.

உன் மச்சான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை தானே போய்த் தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "நீ அன்னைக்கே ருசி பாக்கச் சொன்னே. நான் பாத்திருந்தா புளிப்பில்லைன்னு அப்பவே ஏதோ தோணியிருக்கும். அந்த ஆளைக் காட்டிக் கொடுத்ததுதான் நான் செஞ்சது" என்றார்.

இப்போது அன்றன்றைய தண்ணீரைப் புளிக்கவிடாமல் அன்றே காய்ச்சுகிறோம். நாற்றமும் குறைவு. கொஞ்சம் தண்ணீரை மட்டும் தனியே புளிக்க வைத்து, வாரம் ஒரு நாள் கொப்பரையில் ஊறப் போட்டால், பிடித்த மெல்லிய வெள்ளை தானே கரைந்துவிடுகிறது. உளியே வேண்டாம். புளிப்புதான் கரைத்து வைக்கும் காவல் என்று நீ எழுதியதை வைத்துச் செய்தது இது, முத்துவேல் கையில் கொப்புளம் வரும் முன்பே உன்னிடம் கேட்டிருக்கலாம்.

நோட்டில் ஐப்பசி முதல் தேதிக்குத் திரும்பிப் போய், நாள்வாரியாக அம்மனுக்கு ஒரு படி, அம்மனுக்கு ஒரு படி என்று எழுதி வைத்தேன். அம்மா இருந்தால் என்ன சொல்வாளோ.

அக்கா

*

குன்னூர்
23.3.2001

முத்துவேல் அவர்களுக்குச் சாந்தாமணி எழுதுவது. அங்கே தங்க இடமும் சாப்பாடும் சரியாக இருக்கிறதா? வீரம்மாவும் பிள்ளையும் சுகம். கணக்குப் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள்.

கொப்பரை வெடித்தது உங்களால் அல்ல. தொட்டியில் டாலமைட் போட்டது நான். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். முதலாளி உங்களைத் திரும்ப வரச் சொல்கிறார், வீடு உங்களுக்கேதான். பதினாறாம் தேதி சொல்ல வேண்டியதை நான் அன்று சொல்லவில்லை. அதற்கு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

சாந்தாமணி

*

திருப்பூர்
4.4.2001

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் முத்துவேல் வணக்கம். நான் சுகம். இங்கே சாயப் பட்டறையில் அடுப்பு வேலை. தேத்தண்ணி மட்டும் வாயில் வைக்க முடியவில்லை.

அம்மா கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. நீங்கள் விளக்குப் போட்டுவிட்டுத் தொட்டியில் தூள் கொட்டுவதை முதல் வாரத்திலேயே பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடியிருப்பீர்கள், நான் அடுப்பு வாயில் நிற்பேன். தொட்டி அடியில் வெள்ளைச் சேறு தங்குவதையும் பார்த்தேன். சாமி காரியம், கேட்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். பிறகு தொரை கேட்ட அன்று, நான் போடவில்லை என்று சொன்னேன். யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லி யார் நம்பப் போகிறார்கள்? அம்மா சொல்வீர்கள் என்று உங்களைப் பார்த்தேன். நீங்கள் குனிந்திருந்தீர்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. இப்போது இல்லை என்று எழுதினால் பொய்.

வீரம்மா கார்டும் கிடைத்தது. உங்கள் எழுத்து என்று தெரிந்தது. அவளிடம் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

வேலைக்கு வர எனக்குச் சம்மதம். ஒரு சங்கதி மட்டும். உங்கள் நோட்டில் டாலமைட்டை எழுதிவிட்டதாக வீரம்மா சொல்லி அனுப்பினாள். என்னை நிறுத்தியது ஜனவரி பதினாறு. நீங்கள் வாயைத் திறந்தது மார்ச் பதினான்கு. நடுவே ஐம்பத்தேழு நாள். அதில் ஒவ்வொரு நாளும் லயத்தில் நாங்கள் சாம்பல் கொட்டினவன் வீடு. அந்த ஐம்பத்தேழு நாளுக்கும், முத்துவேல் வேலைக்கு வரவில்லை, குற்றம் அவருடையதில்லை என்று நாள்வாரியாக அதே நோட்டில் எழுதுங்கள். சாமிக்குப் போட்டதையே எழுதிவிட்டீர்கள், இதையும் எழுதலாம்.

காலையில் விளக்குப் போடுவதை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் மேடைக்கு வருவதைப் பார்த்துத்தான் நான் அடுப்பு மூட்டுவேன், என்னிடம் கடிகாரம் கிடையாது.

எழுதி முடித்ததும் ஒரு கார்டு போடுங்கள். பஸ் ஏறுகிறேன்.

முத்துவேல்